திசுத்துண்டு பொய் சொல்லுமா?

பள்ளி ஆய்வுக்கூடத்தில் முதன்முதலாக நுண்ணோக்கியில் கண் வைத்த நாள் உங்களுக்கு நினைவிருக்கலாம். வெங்காயத் தோலை உரித்து, ஒரு சொட்டு நீரில் இட்டு, மெல்லிய கண்ணாடியால் மூடிப் பார்த்திருப்பீர்கள். கறுத்த விளிம்புடன் வட்ட வட்டமாக ஏதோ தெரிந்திருக்கும். 'இதுதான் செல்' என்று ஆர்வத்துடன் படம் வரைந்து ஆசிரியரிடம் நீட்டியவர்கள் பலர். 'அது செல் அன்று தம்பி, காற்றுக்குமிழி' என்று ஆசிரியர் திருத்தியிருப்பார்.

அந்தத் தவற்றினால் நமக்கு நேர்ந்த இழப்பு ஒன்றிரண்டு மதிப்பெண்களே. ஆனால் அதே வகைத் தவறு ஒரு மருத்துவமனையில் நேர்ந்தால் என்ன ஆகும்? இல்லாத நோய் ஒன்று ஒருவருக்கு இருப்பதாக எழுதப்படலாம். அவர் வாழ்நாள் முழுவதும் சில உணவுகளைத் தள்ளிவைக்க நேரலாம். தேவையற்ற மருந்துகளை உண்ண நேரலாம். அல்லது, உண்மையாகவே உள்ள நோய் கண்ணுக்குத் தப்பிவிடலாம்.

'நுண்ணோக்கியில் கண்டது மெய்' என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியுள்ளது. அந்த நம்பிக்கையில் உள்ள குறையை, குடலில் இருந்து எடுக்கப்படும் சிறு திசுத்துண்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு ஆராய்வோம். திசுச் சோதனையே வேண்டாம் என்பது நம் கருத்து அன்று. அச்சோதனை பல உயிர்களைக் காத்துள்ளது. அதனை எவ்வாறு படிக்க வேண்டும் என்பதே கேள்வி.

துண்டு தகடாகும் கதை

நம் சிறுகுடலின் உட்புறச் சுவர் வழவழப்பானது அன்று. வெல்வெட் துணியைப் போல் அதன் மேல் இலட்சக்கணக்கான நுண்ணிய முளைகள் நிற்கின்றன. இவையே குடலுறிஞ்சிகள். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை உயரமுடையது. செரித்த உணவு இவற்றின் வழியாகவே இரத்தத்தில் சேர்கிறது. குடலுறிஞ்சிகளின் அடியில் சிறு குழிகள் உள்ளன. இக்குழிகளில் புதிய செல்கள் பிறந்து மேலேறி, மூன்று முதல் ஐந்து நாட்களில் நுனியில் உதிர்ந்துவிடுகின்றன. நலமுள்ள ஒருவரிடம் குடலுறிஞ்சியின் உயரம் குழியின் ஆழத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருக்கும்.

சில நோய்களில் இந்த முளைகள் குட்டையாகித் தட்டையாகிவிடுகின்றன. சீலியாக் நோய் இவற்றுள் முக்கியமானது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் சிலருடைய உடலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதனை உண்ணும்போது உடலின் காப்பு மண்டலமே குடற்சுவரைத் தாக்குகிறது. குடலுறிஞ்சிகள் அழிகின்றன, வயிற்றுப்போக்கு, சோகை, எலும்பு மெலிவு, குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவு ஆகியவை தோன்றுகின்றன. இதற்கு மருத்துவம், வாழ்நாள் முழுவதும் குளூட்டன் இல்லாத உணவை உண்பதேயாகும்.

எண்டாஸ்கோப் என்னும் குழாயை வாய் வழியாகச் செலுத்தி, அதன் முனையில் உள்ள சிறு இடுக்கியால் முன்சிறுகுடலில் இருந்து சில மில்லிமீட்டர் அளவுள்ள துண்டுகளைக் கிள்ளி எடுக்கிறார்கள். துண்டு உடனே பார்மலினில் இடப்படுகிறது. பிறகு ஆல்ககாலில் அதன் நீர் அகற்றப்படுகிறது. உருகிய பாரஃபின் மெழுகில் அதனைப் பதித்துக் கட்டியாக்குகிறார்கள். அக்கட்டியை மைக்ரோடோம் என்னும் கருவி நான்கு, ஐந்து மைக்ரான் கனமுள்ள சீவல்களாக அறுக்கிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அச்சீவலை ஸ்லைடு எனப்படும் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நீலமும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றுகிறார்கள்.

இத்தனை நிலைகளையும் கடந்த பிறகே மருத்துவர் அதனைக் காண்கிறார். அவர் காண்பது குடல் அன்று. குடலில் இருந்து செய்யப்பட்ட ஒரு பொருள். கிள்ளும்போதும், ஊறும்போதும், சுருங்கும்போதும், அறுபடும்போதும் அதில் புதிய தோற்றங்கள் ஏற்படலாம். நோயினால் அல்லாமல், கையாளும் முறையினால் உண்டாகும் இத்தோற்றங்களைப் பொய்த்தோற்றங்கள் எனலாம்.

பிணத்தில் கண்ட 'குடல் மெலிவு'

இதில் மருத்துவ உலகம் பட்ட பாடு ஒரு நீண்ட வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உயிருள்ளவரின் சிறுகுடலில் இருந்து துண்டு எடுக்க எளிய வழி இல்லை. இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்ப்பதே வழி. பெர்னிஷியஸ் சோகை என்னும் கொடிய இரத்தச் சோகையால் இறந்தவர்களின் குடல், மெலிந்து தேய்ந்து போயிருப்பதாகப் பலர் எழுதினர். குடல் மெலிவே அந்நோய்க்கு அடிப்படை என்ற கொள்கையும் எழுந்தது.

இங்குதான் ஒரு சிக்கல் உள்ளது. குடல் செரிக்கும் நொதிகள் நிறைந்த உறுப்பு. மூச்சு நின்றவுடன் குடலின் உட்பூச்சு தன்னைத்தானே செரிக்கத் தொடங்கிவிடுகிறது. சில மணி நேரத்திற்குள்ளேயே மேற்பரப்புச் செல்கள் உரிந்து விழுகின்றன. நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாயுவினால் குடல் உப்புகிறது. ஊதிய பலூனின் தோலைப் போல் அதன் சுவர் இழுபட்டு மெலிகிறது. மறுநாள் அறுத்துப் பார்ப்பவர் கண்ணுக்கு அது நோயுற்ற குடலாகவே தோன்றும்.

1893-ஆம் ஆண்டில் ஃபெர்டினாண்டு புளூம் என்னும் ஜெர்மானியர், பார்மலின் திசுக்களைக் கெடாமல் உறையச் செய்யும் என்று கண்டறிந்தார். டென்மார்க்கைச் சேர்ந்த குனுட் ஃபாபர் இதனைத் திறமையாகப் பயன்படுத்திக்கொண்டார். நோயாளி இறந்தவுடனேயே வயிற்றறைக்குள் பார்மலினைச் செலுத்தி, சிதைவு தொடங்குமுன் திசுக்களை நிலைநிறுத்தினார். 1900-ஆம் ஆண்டில் அவரும் பிளாக் என்பவரும் வெளியிட்ட முடிவு என்ன தெரியுமா? சோகையால் இறந்தவர்களின் இரைப்பையில் கண்ட மெலிவு உண்மையானது. ஆனால் குடலில் கண்டதாகச் சொல்லப்பட்ட மெலிவு இறப்புக்குப் பின் ஏற்பட்ட மாற்றமே.

இதன் சிறப்பைக் கவனியுங்கள். ஃபாபர் வெறுமனே 'நம்பாதே' என்று சொல்லவில்லை. ஒரே முறையால், ஒரே உடலில், எது மெய், எது பொய் என்று பிரித்துக் காட்டினார்.

ஐயமும் தவறு செய்தது

ஆனால் கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. கொழுப்பு செரிக்காமல் மலத்துடன் வெளியேறி, உடல் நலியும் நோயை மருத்துவர்கள் நெடுநாளாக அறிந்திருந்தனர். 1888-இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ குழந்தைகளிடம் காணப்படும் அந்நோயைத் தெளிவாக விவரித்திருந்தார். இறந்த குழந்தைகளின் குடலை வெறுங்கண்ணால் பார்த்ததில் ஏதும் புலப்படவில்லை என்றும் அவர் குறிப்பிட்டார்.

பிற்காலத்தில் இத்தகைய நோயாளிகளின் குடலில் மாற்றம் கண்டதாகச் சிலர் எழுதியபோது, டென்மார்க்கின் ஹெஸ் தேசன் அதனை மறுத்தார். ஃபாபர் காட்டிய வழியில் நின்று, அவையெல்லாம் இறப்புக்குப் பின் ஏற்பட்ட சிதைவே என்று 1932-இல் தம் நூலில் வாதிட்டார். அவருடைய சொல்லுக்கு மதிப்பிருந்தது. குடலின் அமைப்பில் கோளாறு இல்லை, அதன் செயலில்தான் கோளாறு என்ற கருத்து பரவியது.

1954-இல் இங்கிலாந்து மருத்துவர் பாலி, அறுவை மருத்துவத்தின்போது உயிருள்ள நோயாளிகளின் சிறுகுடலில் இருந்து எடுத்த துண்டுகளைப் பரிசோதித்தார். குடலுறிஞ்சிகள் உண்மையிலேயே உருக்குலைந்து இருந்தன, அழற்சியும் இருந்தது. இறப்புக்குப் பின் ஏற்படும் சிதைவு என்று இதனைத் தள்ள இயலாதே! 1956-இல் மார்கோ ஷைனர் என்ற பெண் மருத்துவர், வாய் வழியாகவே குழாயைச் செலுத்திச் சிறுகுடல் துண்டு எடுக்கும் கருவியை அறிவித்தார். 1957-இல் அமெரிக்காவின் கிராஸ்பியும் குக்லரும் விழுங்கத்தக்க சிறு உறையை அமைத்தனர். சீலியாக் நோயில் குடலுறிஞ்சிகள் தட்டையாவது ஐயமின்றி நிறுவப்பட்டது.

ஆக, ஃபாபர் காலத்தில் பொய்யை மெய் என்று நம்பியது ஒரு தவறு. தேசன் காலத்தில் மெய்யைப் பொய் என்று தள்ளியது மற்றொரு தவறு. இரண்டாவது தவறு நமக்கு முக்கியமான பாடம். 'இது பொய்த்தோற்றம்' என்று சொல்வதும் ஒரு கூற்றே. அதற்கும் சான்று வேண்டும்.

புதிய கருவி, புதிய பொய்கள்

உயிருள்ள குடலில் இருந்தே துண்டு எடுக்க முடிந்தபின் சிக்கல் தீர்ந்ததா? இல்லை. பழைய பொய்கள் போயின, புதியவை வந்தன.

முதலாவது, அறுபடும் கோணம். வெண்டைக்காய் ஒன்றை நீளவாக்கில் நறுக்கினால் அதன் முழு நீளமும் தெரியும். குறுக்கே நறுக்கினால் சிறு வட்டங்களே கிடைக்கும். சாய்வாக நறுக்கினால் இரண்டிற்கும் இடைப்பட்ட ஏதோ ஒன்று கிடைக்கும். வட்டத்தை மட்டும் பார்த்தவர், 'வெண்டைக்காய் கால் அங்குலம்தான்' என்று சொன்னால் ஏற்போமா? குடல் துண்டிலும் இதுவே நிகழ்கிறது. துண்டு மெழுகில் சாய்ந்து பதிந்துவிட்டால், உயரமான குடலுறிஞ்சிகளும் குட்டையாகத் தெரியும். குழிகள் குறுக்கே அறுபட்டு வட்டம் வட்டமாகப் பெருகியது போல் தெரியும். குட்டையான உறிஞ்சியும் பெருகிய குழியும் சீலியாக் நோயின் அடையாளங்கள் அல்லவா? அவசரமாகப் பார்ப்பவர் எளிதில் ஏமாந்துவிடுவார்.

இரண்டாவது, எடுத்த இடம். முன்சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் புருன்னர் சுரப்பிகள் மிகுதி. அவற்றின் மேலுள்ள குடலுறிஞ்சிகள் இயல்பாகவே குட்டையானவை. நிணத் திசுத் திரள்களுக்கு மேலும் அவ்வாறே. அந்த இடத்துத் துண்டை மட்டும் பார்த்து முடிவு செய்வது தவறாகும்.

மூன்றாவது, இடுக்கியின் நசுக்கல். நசுங்கிய செல்கள் கறுத்து இழுபட்டுக் கோடுகளாகத் தெரியும். அவை எவ்வகைச் செல்கள் என்றே கூற இயலாது. நசுங்கிய சாதாரண நிணச் செல்கள் புற்றுநோய்ச் செல்களைப் போல் மயக்குவதும் உண்டு. கிள்ளும்போது ஏற்படும் இரத்தக் கசிவும் நோயின் கசிவாகத் தோன்றலாம்.

பெருங்குடலிலும் இத்தகைய மயக்கங்கள் உள. பரிசோதனைக்கு முன் குடலைக் கழுவக் கொடுக்கும் சோடியம் பாஸ்பேட் மருந்தே சிறு புண்களைத் தோற்றுவிக்கக்கூடும். அவை குரோன் நோயின் தொடக்கப் புண்களை ஒத்திருக்கும். எண்டாஸ்கோப்பைத் தூய்மை செய்யப் பயன்படுத்திய குளூட்டரால்டிஹைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை சரியாகக் கழுவப்படாமல் எஞ்சியிருந்தால் குடலில் அழற்சி உண்டாகும். குடலுக்குள் செலுத்தப்படும் காற்று சவ்வுக்குள் புகுந்து குமிழிகளாகத் தங்குவதும் உண்டு. தகட்டில் பார்த்தால் அவை கொழுப்புச் செல்களைப் போலவே தெரியும். 1985-இல் இதற்குப் 'பொய்க் கொழுப்பு' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். வெங்காயத் தோலில் நாம் கண்ட அதே காற்றுக்குமிழி!

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடல் காசநோயும் குரோன் நோயும் பார்வைக்கு மிகவும் ஒத்தவை. காசநோயின் அடையாளமான திசுக்கணுக்கள் பெரும்பாலும் சற்று ஆழத்தில் இருக்கும். மேலோட்டமாகக் கிள்ளிய, நசுங்கிய துண்டில் அவை அகப்படாமல் போகலாம். காசநோயைக் குரோன் நோய் என்று கருதி ஸ்டீராய்டு கொடுத்தால் காசநோய் பரவும். குரோன் நோயைக் காசநோய் என்று கருதினால் பல மாதங்கள் வீணாகக் காசநோய் மருந்து உண்ண நேரும். துண்டின் தரம் இங்கே உயிர்ப் பிரச்சினை ஆகிறது.

எது இயல்பு?

பொய்த்தோற்றமே இல்லாத நல்ல தகடு கிடைத்தாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. எந்த அளவுகோலை வைத்து அளக்கிறோம்?

இதற்கு வேலூரில் இருந்து ஒரு விடை கிடைத்தது. 1960-களில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் ஸ்புரூ என்னும் குடல்நோய் பரவியபோது, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன் ஆகியோரின் குழு குடல் துண்டுகளை ஆராய்ந்தது. மேல்நாட்டு நூல்களில் நலமானவரின் குடலுறிஞ்சிகள் விரல் வடிவில் வரையப்பட்டிருந்தன. ஆனால் இங்கு நோயற்ற மக்களிடமும் அவை இலை வடிவிலும் வரப்பு வடிவிலும் அகன்று காணப்பட்டன. 1969-இல் வெளியான ஓர் ஆய்வு, இங்கும் கருவில் உள்ள குழந்தையின் குடலுறிஞ்சிகள் விரல் வடிவிலேயே உள்ளன என்று காட்டியது. அகலும் மாற்றம் பிறந்தபின் சூழ்நிலையால் வருவது. லண்டன் அளவுகோலை அப்படியே கொண்டு இங்கு அளந்திருந்தால், நலமாக நடமாடும் பலரையும் நோயாளிகள் என்று எழுதியிருக்க வேண்டும்.

மேலும், குடலுறிஞ்சிகள் உண்மையாகவே தட்டையாக இருந்தாலும் அது சீலியாக் நோய்தான் என்று முடிவுகட்டிவிட இயலாது. ஸ்புரூ நோயிலும், ஜியார்டியா என்னும் ஒட்டுண்ணி தொற்றும்போதும், ஓல்மெசார்டன் என்ற இரத்த அழுத்த மருந்தினால் சிலரிடமும் அவ்வாறு நேர்வதுண்டு.

குறை எங்கே உள்ளது?

இத்தனையும் பார்த்தபின், குறை யாருடையது என்று கேட்பீர்கள். நுண்ணோக்கியின் குறை அன்று. மூன்று இடங்களில் குறை இருப்பதாக எனக்குப் படுகிறது.

முதற்குறை நம் பாடநூல்களுடையது. அவற்றில் குடலுறிஞ்சியின் படம் எப்போதும் வரிசை தவறாத விரல்களாகவே இருக்கிறது. அது எவ்வாறு பெறப்பட்டது, எந்தக் கோணத்தில் அறுக்கப்பட்டது, எத்தனை சீவல்களைத் தள்ளிய பின் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று ஒரு வரிகூட இராது. கெட்ட தகட்டின் படம் ஒன்றையும் நல்ல படத்தின் அருகில் அச்சிட்டால் மாணவர் எவ்வளவு கற்றுக்கொள்வார்! பொய்த்தோற்றத்தைப் பார்த்தே இராதவர் அதனை எவ்வாறு இனங்காண்பார்?

இரண்டாம் குறை, துண்டை அனுப்பும் இடத்தில். துண்டை ஒரு காகிதத் துணுக்கின்மேல், குடலுறிஞ்சிகள் மேல்நோக்கி இருக்குமாறு பரப்பி, தாமதமின்றிப் பார்மலினில் இடுவதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் பல இடங்களில் செலவிடப்படுவதில்லை. கூடச் செல்லும் சீட்டில், எந்த இடத்தில் எடுத்தது, நோயாளி என்ன மருந்து உண்கிறார், இரத்தப் பரிசோதனை என்ன சொன்னது என்று எழுதாமல், 'நோய் உள்ளதா?' என்று மட்டும் எழுதுவதும் உண்டு. பாதிக் கேள்விக்கு முழு விடை கிடைக்குமா?

மூன்றாம் குறை, அறிக்கை எழுதும் முறையில். நன்கு நிமிர்ந்து அறுபட்ட குடலுறிஞ்சிகள் மூன்று நான்காவது அடுத்தடுத்துத் தெரிந்தால்தான் உயரத்தைப் பற்றிப் பேசலாம். தெரியாவிட்டால் கட்டியை இன்னும் ஆழமாக அறுத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் தெரியாவிட்டால், 'இத்துண்டைக் கொண்டு முடிவு கூற இயலாது' என்று எழுத வேண்டும். இந்த வாக்கியத்தைத் தோல்வி என்று கருதும் மனப்பான்மையே பல தவறுகளுக்குக் காரணம். உண்மையில் அது நேர்மையான அறிவியல் வாக்கியம்.

இக்குறைகளைக் களையும் வழிகள் புதியவை அல்ல. சீலியாக் நோய் ஐயத்தில் முன்சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் ஒன்றிரண்டும், அதற்குக் கீழே குறைந்தது நான்கும் துண்டுகள் எடுக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் எதிர்ப்பொருளுக்கான இரத்தப் பரிசோதனையும் உண்டு. இரத்தமும் திசுவும் ஒரே செய்தியைச் சொன்னால் நம்பலாம். இரண்டும் முரண்பட்டால், தகட்டை மீண்டும் எடுத்துப் பார்ப்பதே முறை.

நீங்கள் செய்யக்கூடியது

உங்கள் வீட்டில் ஒருவருக்கு இத்தகைய அறிக்கை வந்தால், துண்டு நன்கு அறுபட்டதா, இரத்தப் பரிசோதனை ஒத்துப்போகிறதா என்று மருத்துவரைக் கேட்பதில் தவறில்லை. மெழுகுக்கட்டியும் தகடும் பாதுகாத்து வைக்கப்படுகின்றன. அவற்றை இன்னொரு வல்லுநரிடம் காட்டலாம். மற்றொன்றும் நினைவில் வையுங்கள். பரிசோதனைக்கு முன்பே தாமாகக் கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் குடல் ஆறத் தொடங்கிவிடும். உள்ள நோயும் தகட்டில் தெரியாமல் போகும்.

மாணவ நண்பரே, அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியைப் பார்க்கும்போது, 'இது என்ன?' என்று கேட்பதோடு நில்லாமல், 'இது எப்படி இங்கு வந்தது?' என்றும் கேளுங்கள். ஐயம் எழுந்தால், தகட்டைச் சற்று நகர்த்துங்கள்; இன்னொரு தகடு செய்து பாருங்கள். ஃபாபர் செய்தது அதுதான். பாலி செய்ததும் அதுதான். நாளை உங்களில் ஒருவர் ஒரு நோயாளியின் அறிக்கையில் கையெழுத்திடும்போது, இந்தப் பழக்கம் அவரைத் தவறான முடிவிலிருந்து காக்கும்.